கடலிலிருந்து மூன்றாம் தெரு

கடலுக்குக் கிட்டே போகப் போக வீட்டு வாடகை குறைந்துகொண்டே வரும் ஊர் எங்கள் திருவொற்றியூர். தெற்கே பெசன்ட் நகரிலோ திருவான்மியூரிலோ குடியிருக்கும் நண்பர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். அவர்கள் பக்கம் மொட்டை மாடியிலிருந்து ஒரு கீற்று நீலம் தெரிந்தாலே வாடகை ஏறிவிடும். வடக்கே கணக்கு வேறு. ரயில்வே லைன் பக்கம் ஒரு வாடகை, தேரடிப் பக்கம் அதைவிடக் கொஞ்சம் கூட, அங்கிருந்து கிழக்கே நடக்க நடக்க, அலைச் சத்தம் காதில் விழ விழ, வீட்டுக்காரர்கள் கேட்கும் தொகை இறங்கிக்கொண்டே வரும். எங்கள் அப்பாவின் சம்பளத்துக்குக் கட்டுப்படியான இடம் கடலிலிருந்து மூன்றாவது தெருவில் இருந்தது. ஒரு ஃபிட்டரின் மகளுக்குக் கடலைப் பார்த்து வளரும் பாக்கியம் அப்படித்தான் கிடைத்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருவொற்றியூர் அப்போது தனி நகராட்சி. பாரிமுனைக்குப் போவதென்றால்கூட "மெட்ராசுக்குப் போயிட்டு வரோம்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவோம். எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் அப்பாவுக்கு வேலை கிடைத்ததும், அவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரவல் சைக்கிளில் வீடு தேடி அலைந்தாராம். எத்தனை பேர், ஊரிலிருந்து யார் யார் வருவார்கள், ராத்திரி எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பீர்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்தவரிடம், எதுவுமே கேட்காமல் "பசங்க இஸ்கோலு போவுதா?" என்று மட்டும் கேட்ட வீட்டுக்கார ஆயாவின் வீட்டுக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தார். அம்மாவுக்கு ஊர் வடலூர் பக்கம். பலாவும் முந்திரியுமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மணலும் கருவாடும் காயும் அந்தத் தெரு முதல் நாள் கலக்கத்தைக் கொடுத்திருக்க வேண்டும். "வள்ளலார் ஏழுகிணத்துலேர்ந்து நடந்தே வந்து கும்புட்ட ஊரு இது" என்று அப்பா சொன்ன ஒரு வார்த்தையில்தான் அம்மா பெட்டியைப் பிரித்தாள். வடிவுடையம்மன் சன்னதியை விட்டு நெடுநேரம் நகராமல் நின்றவர் அவர் என்று அம்மா எங்களுக்குச் சொல்லும்போது, ஏதோ தன் ஊர்க்காரர் ஒருவர் முன்னாலேயே வந்து எங்களுக்காக இடம் பிடித்து வைத்திருந்த நிம்மதி அவள் முகத்தில் தெரியும்.

வீடு என்று சொன்னாலும் அது ஒரு நீளக் கட்டடத்தின் ஒரு துண்டு. சீமை ஓடு வேய்ந்த கூரை, வரிசையாக ஐந்து போர்ஷன், ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை, அறைக்குப் பின்னால் சமைக்க ஒரு மூலை, வாசலில் எல்லோருக்கும் பொதுவான ஒரு நீளத் திண்ணை, முற்றத்து ஓரத்தில் ஓர் அடிபம்பு, அதற்குப் பக்கத்தில் துணி துவைக்கும் கல், கோடியில் கதவு சரியாகச் சாத்தாத கழிப்பறை. முதல் போர்ஷனில் ஆயா. அடுத்தது நாங்கள். எங்களுக்கு அடுத்து பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். அந்த வீட்டுப் பாட்டி மாலை நேரத்தில் வாழைத்தண்டு போட்டு மொய்ங்கா காய்ச்சினால், மீன் வாசமும் வறுத்த பூண்டு வாசமும் திண்ணை முழுக்க நடந்து வந்து எங்கள் வீட்டுப் படிப்புச் சத்தத்தை நிறுத்திவிடும். நாலாவது போர்ஷனில் டயர் கம்பெனிக்குப் போகும் ஓர் அண்ணன், அவருக்குப் புதிதாய்க் கல்யாணமாகி வந்த அக்கா. கடைசியில் நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம். ஆளுக்கொரு பேச்சு பேசினாலும் அடிபம்பு வரிசையில் குடம் நகர்த்தும்போது எல்லோரும் பேசியது மெட்ராஸ் பாஷைதான். நாங்கள் வந்த சில மாதத்தில் நானும் தம்பியும் "இன்னா", "வூடு", "குந்து" என்று பேச ஆரம்பித்ததைக் கேட்டு அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், அவளே ஒருநாள் மீன்காரியிடம் "இன்னா வெல சொல்ற?" என்று கேட்டதை நாங்கள் வெகுநாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

கடலோரத்து வீட்டில் உப்பும் ஒரு குடித்தனக்காரர். ஜன்னல் கம்பியை அது தின்னும், சைக்கிள் செயினைத் தின்னும், அம்மாவின் தையல் ஊசியைத் தின்னும். ஆணியில் மாட்டிய காலண்டர் ஆடி மாதம் பாதியிலேயே ஆணியோடு கீழே விழும். வடலூர் ஆச்சி கொடுத்தனுப்பிய அரிசி அப்பளம் வந்த வாரத்திலேயே நமத்துப்போகும் என்பதால், அம்மா அதைத் துணியில் முடிந்து கிருஷ்ணாயில் ஸ்டவ்வுக்கு மேலே இருந்த பரணில் வைப்பாள், தீப்பெட்டியும் அங்கேதான். காயப்போட்ட துணியில் எப்போதும் ஒரு பிசுபிசுப்பு, தலைமுடியில் ஒரு முரமுரப்பு, உதட்டை நாக்கால் தடவினால் ஒரு கரிப்பு. பள்ளிக்கூடத்தில் மேற்கேயிருந்து வரும் பிள்ளைகள் எங்களைக் கிட்டே வந்து மோந்து பார்த்து "கடக்கரைக்காரங்க" என்பார்கள். எனக்கு அதில் பெருமைதான். கடலின் வாசம் தங்கள் மேல் இல்லாததால் பாவம் அவர்கள் என்று உண்மையாகவே நினைத்தேன்.

வாசம் இப்படியென்றால் சத்தம் இன்னொரு மாதிரி. எங்கள் வீட்டில் கடிகாரம் இருந்தும் யாரும் அதைப் பார்த்ததில்லை. தொழிற்சாலைச் சங்குகள்தான் நேரம் சொல்லும். ஒரு கம்பெனிச் சங்கு அடிவயிற்றிலிருந்து முக்கும், இன்னொன்று கீச்சுக் குரலில் இழுக்கும். முதல் சங்குக்கு அம்மா எழுந்திருப்பாள், இரண்டாவதற்கு அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சைக்கிளை இறக்குவார், அடுத்ததற்கு நாங்கள் பல்லே தேய்த்திருக்கமாட்டோம். என்ஃபீல்டு கம்பெனியிலிருந்து வெளியே வரும் புது புல்லட் வண்டிகள் ரோட்டில் 'டுப்டுப்'பென்று போனால், தம்பி செய்துகொண்டிருக்கும் எதையும் அப்படியே போட்டுவிட்டு ஓடுவான். இவை எல்லாவற்றுக்கும் அடியில், நிற்காமல், ராத்திரியில் மட்டும் தன் முழுக் குரலைக் காட்டுவதாக, கடல். மழைக்காலத்தில் அந்தக் குரல் திண்ணைக்கே வந்துவிட்டதாகத் தோன்றும். நான் அப்பாவின் வேட்டி நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு படுத்திருப்பேன்.

வாடகை நாள் எனக்குத் திருநாள். மாதம் பிறந்து சம்பளக் கவர் வந்ததும் அம்மா ரூபாயை எண்ணி, வாடகை நோட்டின் நடுவில் வைத்து, அதை என் கையில் கொடுப்பாள். 150 ரூபாய். பிரவுன் அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு அது. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் வீட்டு வாசற்படியில் குந்தி, என் கையால் எழுதவைத்து, தன் பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்திக் கைநாட்டு வைப்பாள்.

"எய்து கண்ணு. மாசம் போடு, தொகை போடு, உங்கப்பன் பேரு போடு. கீய எம் பேரு போடு."

எழுதி முடித்ததும் நோட்டைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்து, "உன் கையெய்த்து சோக்காகீது" என்பாள். என் கையெழுத்தை அப்படிப் பாராட்டியவர்கள் அதற்குமுன் யாருமில்லை. வகுப்பில் கிறுக்கித் தள்ளுகிறவள் அந்த நோட்டில் மட்டும் முத்து முத்தாக எழுதினேன். அப்புறம் மடியிலிருந்து ஒரு நாலணா எடுத்துத் தருவாள். ரூபாய் எண்ணும் விரல்களில் வெற்றிலைச் சுண்ணாம்பும் மீன் செதிலும் ஒட்டியிருக்கும். வாடகை பிந்தினாலும் அவள் கேட்டதில்லை. ஒருமுறை கம்பெனியில் வேலைநிறுத்தம் நீண்டு, அப்பா பகலில் வீட்டிலேயே இருந்த காலத்தில், அம்மா ஆயாவின் கண்ணில் படாமல் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போவாள். ஆயா வலிய வந்து, அலுமினியச் சட்டி நிறையக் காரப்பொடி மீனைத் திண்ணையில் வைத்துவிட்டு, "இன்னாம்மே வடலூரு, வாடக இன்னா ஓடியா பூடும்? பசங்க துன்னுச்சா?" என்று கேட்டாள். அம்மா பதில் சொல்லவில்லை. அன்றைக்கு வைத்த குழம்பில் மாங்காயும் போட்டிருந்தது.

ஆயாவின் மகன், நாங்கள் எல்லோரும் மாமா என்று கூப்பிடுகிறவர், மரம் வைத்திருந்தார். மரம் என்றால் கட்டுமரம். விடியுமுன்னே போய்விட்டு வெயில் ஏறும்போது கரை சேருவார். வந்ததும் கட்டு அவிழ்த்து, தண்ணீர் குடித்துக் கனத்துப்போன கட்டைகளைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவதைப் பார்க்க நாங்கள் லீவு நாளில் ஓடுவோம். வலையிலிருந்து அவர் உதறும்போது நெத்திலி வெள்ளியாய்த் தெறிக்கும். சங்கராவின் சிவப்பு, கானாங்கெளுத்தியின் முதுகில் பச்சை வரி, கடம்பாவின் வழுவழுப்பு எல்லாம் எனக்குப் பாடப் புத்தகத்துக்கு முன்னாலேயே தெரிந்தவை. பேர் தெரியாத குஞ்சு மீனைக் கையில் எடுத்து "இது இன்னா மாமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அவர் சலிக்காமல் சொல்லுவார். காற்றுக்கும் அவரிடம் பேர் உண்டு. மேற்கேயிருந்து வந்தால் கச்சான், வடக்கேயிருந்து வந்தால் வாடை. தண்ணீருக்குள் ஓடும் ஓட்டத்துக்கும் பேர் உண்டு: தெற்கேயிருந்து வடக்கே போனால் தெண்டி, வடக்கேயிருந்து தெற்கே வந்தால் வண்ணி. காலையில் முற்றத்தில் நின்று முகத்தைத் தூக்கி ஒரு மூச்சு இழுத்துவிட்டு, அன்றைக்குக் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று சொல்லும் அவரைவிடப் பெரிய படிப்பாளி உலகத்தில் இருக்கமுடியாது என்று நம்பினேன்.

கடலோரத்திலேயே பட்டினத்தார் கோயில். கையில் கரும்போடு நிற்கும் அந்தச் சாமியின் கதையை ஆயாதான் சொன்னாள். கரையில் விளையாடிய பிள்ளைகளோடு அவரும் விளையாடினாராம். கூடையால் மூடச் சொல்வாராம், திறந்தால் ஆள் இருக்கமாட்டாராம், வேறோர் இடத்தில் நின்று சிரிப்பாராம். கடைசி முறை மூடித் திறந்தபோது லிங்கமாக இருந்தாராம். கதை கேட்ட மறுநாளே நாங்கள் ஆயாவின் மீன் கூடையை எடுத்துப் போய் மணலில் அந்த ஆட்டம் ஆடினோம். என் முறை வந்தது. கண்ணை இறுக மூடி, எங்கே போய் நிற்கலாம், ஆச்சி வீட்டுப் பலாமரத்தடியிலா, பிஸ்கட் கடை வாசலிலா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கூடையைத் தூக்கியபோது அங்கேயேதான் இருந்தேன், தலை முழுக்க மீன் செதிலோடு. அம்மா சீயக்காய் போட்டு இரண்டு தரம் தேய்த்தும் வாசம் போகவில்லை.

கார்த்திகைப் பௌர்ணமி வந்தால் ஆயா என்னைக் கோயிலுக்கு இழுத்துப் போவாள். ஆதிபுரீசுவரர் வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பார். அந்தப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் திறந்து, புனுகும் சாம்பிராணியும் சேர்ந்த தைலம் சாத்துவார்கள். கூட்டம் நெருக்கும், வேர்வை வழியும், ஆயா என் மணிக்கட்டை விடமாட்டாள். உள்ளே நெருங்க நெருங்க அந்தத் தைல வாசம் வந்து முகத்தில் படியும். வீட்டுக்கு வந்து, அன்றைக்கு முழுக்க ஆயாவின் சேலையிலும் அந்த வாசம் இருக்கிறதா என்று மோந்து பார்ப்பேன். கருவாட்டு வாசத்துக்கு மேலே மெல்லிசாக இருக்கும்.

கடல் நெருங்கி வருவதை முதலில் கண்டுபிடித்தது எங்கள் வீட்டுப் பருப்பு. அடிபம்புத் தண்ணீரில் எப்போதும் கொஞ்சம் சவர் இருந்ததுதான். ஆனால் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு எத்தனை நேரம் கொதித்தாலும் துவரம்பருப்பு முழிப்பருப்பாகவே இருந்தது. அம்மா பருப்புக்கு மட்டும் தேரடிக் குழாயிலிருந்து இடுப்பில் குடம் சுமந்து வந்தாள். பூமிக்கு மேலே கரை அரிபடுவதற்கு முன்னால் பூமிக்கு அடியில் உப்புத் தண்ணீர் நுழைந்துவிடும் என்று பின்னாளில் படித்தபோது அந்தக் குடம்தான் ஞாபகம் வந்தது. அப்புறம் கண்ணுக்குத் தெரியவே ஆரம்பித்தது. ஐப்பசி, கார்த்திகைச் சீற்றத்தில் கடலிலிருந்து முதல் தெருவின் வீடுகள் பின்பக்கமாகச் சரிந்தன. ஒருநாள் ஒரு சமையல் மேடை, மறுநாள் ஒரு வேப்பமரம், அடுத்த மாதம் ஒரு மாரியம்மன் மேடை. ஜனங்கள் மஞ்சளும் பூவும் கொண்டுபோய்க் கடலம்மாவிடம் கேட்டுக்கொண்டார்கள். வீடு போனவர்கள் கதவையும் நிலையையும் பெயர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு மேற்கே நடந்தார்கள். நாங்கள் இடம் மாறவே இல்லை. ஆனாலும் இரண்டாம் தெருக்காரர்கள் ஆனோம்.

"அலை ஏன் மாமா இங்க மட்டும் துன்னுது?" என்று கேட்டேன். மாமா மணலில் விரலால் ஒரு கோடு கிழித்துக் காட்டினார். வருஷத்தில் பெரும்பகுதி தெண்டி ஓடும். அது தெற்கேயிருந்து மணலை அள்ளிக்கொண்டு வடக்கே வரும், வழியெல்லாம் கரைக்குக் கொடுத்துக்கொண்டே போகும். நடுவிலே துறைமுகத்துச் சுவர் நிற்கிறது. மணல் அங்கேயே தெற்கே நின்றுபோகிறது. எங்கள் பக்கம் வருகிற அலை வெறுங்கையோடு வருகிறது, போகும்போது மட்டும் அள்ளிக்கொண்டு போகிறது. பிறகு நான் பொறியாளர்கள் எழுதியதைப் படித்தபோதும் இதற்கு மேல் ஒரு வரி அவர்கள் சொல்லவில்லை. 1870களில் துறைமுகச் சுவர் எழும்ப ஆரம்பித்த பிறகுதான் மெரினாவில் மணல் சேர்ந்து இத்தனை அகலமானது. அதே சுவரால்தான் ராயபுரத்திலிருந்து வடக்கே கரை தேய்ந்தது. சின்ன வயதில் மெரினாவுக்குப் போய் வண்டி வண்டியாகக் கிடந்த மணலில் புரண்டுவிட்டு வந்து, "அங்க எவ்ளோ மண்ணு தெரியுமா ஆயா!" என்று சொன்னேன். ஆயா என் பாவாடை மடிப்பில் ஒட்டியிருந்த மணலைத் தட்டி உள்ளங்கையில் பிடித்து, முற்றத்தில் போட்டாள்.

அடுத்த வாடகை நாளில் நோட்டைத் திறந்து வழக்கம்போல 150 என்று எழுதப்போனேன். ஆயா கையைப் பிடித்தாள்.

"நூறு போடு கண்ணு."

"அம்மா நூத்தம்பது குடுத்துச்சு ஆயா."

"அம்பதத் திருப்பி எட்த்துகினு போ. கடலு கிட்ட வந்துகிச்சு. இந்த வூட்டுக்கு இனிமே அவ்ளோதான் பெறும்."

அந்தப் பெருவிரல் ரேகை அன்றைக்கு நூறு ரூபாய்க்குக் கீழே விழுந்தது. சின்னப் பெண்ணான எனக்கு ஐம்பது ரூபாய் மிச்சமான சந்தோஷம்தான். அம்மா அந்த நோட்டை வாங்கிக்கொண்டு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். தன் சொத்து கண் முன்னால் கரைந்துகொண்டிருக்க, அதற்கு நேர்மையான விலையைத் தானே குறைத்துச் சொன்ன ஒரு மனுஷியை நான் அதற்குப் பிறகு எத்தனையோ வாடகை வீடுகளில் தேடியிருக்கிறேன்.

நான் உயர்நிலைப் பள்ளிக்குப் போன காலத்தில் நாங்கள் ரயில்வே லைனுக்கு மேற்கே குடிமாறினோம். பர்மாப் பாட்டி குடும்பம் அதற்கு முன்னாலேயே எண்ணூரில் பர்மா நகர்ப் பக்கம் போய்விட்டது. புது வீட்டில் பருப்பு வெந்தது, ஆணி துருப்பிடிக்கவில்லை, ராத்திரியில் ரயில் சத்தம் மட்டும்தான்; தம்பி பல நாள் தூக்கம் வராமல் புரண்டான். கரையில் லாரி லாரியாகக் கருங்கல் கொட்டினார்கள். கல் வந்ததும் அலை கொஞ்சம் அடங்கியது. ஆனால் மரம் ஏற்றி நிறுத்தவும் வலை காயப்போடவும் மணல் இல்லாமல் போனது. மாமா காசிமேட்டுக்குப் போய் அடுத்தவர் போட்டில் கூலிக்கு ஏறினார். ஆயாவின் நீள வீட்டில் கிழக்கு ஓரமாக இரண்டு போர்ஷன் விழுந்த பிறகும், மிச்சமிருந்த மூன்றில் அவள் சாகும்வரை ஆள் குடியிருந்தது. சிலரிடம் வாடகையே வாங்கவில்லை என்று அம்மா சொல்லுவாள்.

இப்போது நிலைமை மாறிக்கொண்டு வருகிறது. 2011இல் ஊர் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. 2021இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரைக்கும் வந்தது. கரையோரம் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள் போட்டார்கள். சில இடத்தில் மணல் மறுபடியும் சேர்ந்திருக்கிறது. மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துத் தெருக்களில் வாடகை ஏறுகிறது, வீடு பார்க்க வரும் இளம் தம்பதிகள் கூடுகிறார்கள். போன வாரம் என் தங்கை முறையில் ஒரு பெண், வேலை கிடைத்து அங்கே வீடு பார்ப்பதாகவும் என்னென்ன விசாரிக்க வேண்டும் என்றும் போனில் கேட்டாள். போர் தண்ணீரை வாயில் வைத்துப் பார், ஜன்னல் கம்பியைச் சுரண்டிப் பார், மழைக்காலத்தில் ஒருமுறை ராத்திரி அந்தத் தெருவில் நின்று பார் என்று சொன்னேன். கூடவே, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வயசான ஓர் ஆயாவிடம், இந்தத் தெருவுக்குக் கிழக்கே முன்னே எத்தனை தெரு இருந்தது, அங்கே இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் கேள் என்றேன். அங்கே வாடகை ஏறும் காலத்தில் முதலில் வெளியே தள்ளப்படப்போகிறவர்கள், கடலுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு நாலு தெரு மேற்கே குடித்தனம் இருக்கும் அந்தக் கரைக்காரர்கள்தான். அவர்களுக்கு அந்தக் கரையிலேயே நிலைத்த வீடு கிடைக்க வேண்டும். எங்களுக்கு ஒரு கடலையே குறைந்த வாடகைக்குக் கொடுத்தவர்கள் அவர்கள்.